வாசனை வராத சரக்கு

பெங்களூர் மர்பி டவுனுக்குள் போய் முனிரத்தினம் வீடு எது என்று கேட்டுப் பாருங்கள். "யாரு, குடிகார முனிரத்தினமா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழி சொல்வார்கள். இத்தனைக்கும் அந்தத் தெருவில் நிஜமாகவே குடிக்கிறவர்களுக்குப் பஞ்சம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குழாயடியில் லுங்கி ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கமாகக் கிடக்கிறவர்கள் உண்டு. அவர்களையெல்லாம் பெயிண்டர் அண்ணன், டிரைவர் மாமா என்று மரியாதையாகக் கூப்பிடுகிற அதே தெருதான், ஜென்மத்தில் ஒரு சொட்டு தொடாத மனுஷனுக்கு இந்தப் பட்டத்தைக் கட்டியது. தெருவை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம்? முதலில் கட்டினதே அவர் பெண்டாட்டி சொர்ணம்தான்.

முனிரத்தினம் பீன்யாவில் லேத் மெஷின் ஓட்டுகிறவராக இருந்தார். துருப்பிடித்த இரும்பைக் கொடுத்தால் கல்யாண வீட்டுக் குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று கடைந்து கொடுப்பார். பெங்களூரில் சரக்குக்கு 'எண்ணெ' என்று ஒரு செல்லப்பேர் உண்டு. ஷிப்ட் முடிந்து கூட்டாளிகள் "எண்ணெ போடலாம் வாப்பா" என்று கூப்பிட்டால், "நான் மெஷினுக்கு மட்டும்தான்பா எண்ணெ விடறது" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிடுவார். அதற்குக் காரணம் அவருடைய அப்பா. அப்பா மிலிட்டரி மெஸ்ஸில் தோட்ட வேலை பார்த்தவர். ரம் சுலபமாகக் கிடைக்கிற இடம். வயசு நாற்பதைத் தாண்டியதும் அந்த மனுஷன் தெருவில் நடந்தால் இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் இடித்துக்கொண்டு வருவார், சோற்றுத் தட்டு கையிலிருந்து பறக்கும், வாய் குழறும். வேலை போச்சு, மானம் போச்சு, ஒருநாள் சாக்கடையில் விழுந்து உயிரும் போச்சு. அவரைப் போல ஆகவே கூடாது என்று முனிரத்தினம் மீசை முளைக்கிறதற்கு முன்னாலேயே முடிவு கட்டிக்கொண்டார்.

பெண் பார்க்க வந்த அன்று சொர்ணம் கேட்டது ஒரே கேள்வி. "குடிப்பீங்களா?"

"தொட மாட்டேன்" என்றார்.

அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அவள் கழுத்தை நீட்டினாள். சொர்ணத்துக்கு வாய் கொஞ்சம் நீளம், கை அதைவிட வேகம். இந்திராநகர் பக்கம் மூன்று வீட்டில் சமையல் முடித்துவிட்டு வந்து, தன் வீட்டுக்கும் ஆக்கிப்போட்டு, பக்கத்து வீட்டு ஜோசஃபினோடு நாலு வார்த்தை ஊர்வம்பு பேசவும் நேரம் வைத்திருப்பாள். ஒரே பெண் ரக்ஷிதா. முனிரத்தினம் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அல்சூர் ஏரிக்குப் போய்ப் பொரி வாங்கிக் கொடுத்துக் கூட்டி வருவார். நல்லாத்தான் இருந்தார்கள். யார் கண் பட்டதோ என்று சொர்ணம் இன்றைக்கும் சொல்கிறாள்.

ரக்ஷிதா ஏழாவது படிக்கும்போது ஆரம்பித்தது. முதலில் கை. டீ கிளாஸைப் பிடித்தால் விரல்கள் சொன்ன பேச்சு கேட்காமல் துள்ளும். அப்புறம் தோள் திடீரென்று ஒரு குலுங்கு குலுங்கும், யாரோ பின்னாலிருந்து தட்டிக் கூப்பிட்ட மாதிரி. நடை தடுமாறியது. அதிர்ந்து பேசத் தெரியாத மனுஷன் ஒன்றுமில்லாததற்கெல்லாம் கத்தினார். பீன்யாவில் சூப்பர்வைசர் ஒருநாள், "ஏனப்பா, பெள்ளிகேனா?" என்றாராம். காலையிலேயேவா என்று அர்த்தம். வாயை மோந்து பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. "வாசனை வராத சரக்குடா, எங்க கிடைக்குதுன்னு கேட்டு வைங்கடா" என்று கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். ஆடுகிற ஆளை ஓடுகிற மெஷின் பக்கத்தில் நிறுத்த யாருக்குத் தைரியம் வரும்? இனிமேல் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவரை சொர்ணம் வாசலிலேயே மறித்தாள். "யோவ், ஊதுய்யா."

"நான் குடிக்கல சொர்ணம்."

"ஊதுய்யான்னா!"

ஊதினார். டீ வாசனையும் வெற்றிலை வாசனையும்தான் வந்தது. வெற்றிலை போட்டு மறைத்துவிட்டான் என்று நினைத்தாள். அதற்கப்புறம் அது தினப்படி ஆகிவிட்டது. காய் வாங்கப் போய் வந்தாலும் ஊது, கோயிலுக்குப் போய் வந்தாலும் ஊது. அவரும் ஸ்கூல் பையன் மாதிரி வாசலில் நின்று ஊதிவிட்டு உள்ளே வருவார். ஒருநாளும் வாசனை வந்ததில்லை. வராததாலேயே அவளுக்குக் கோபம் இன்னும் ஏறியது. குடிக்கிறது போதாதென்று தன்னை முட்டாளாக்குகிறானே என்று வயிறு எரிந்தது. "அப்பன் புத்தி அப்படியே வந்திருக்கு. ரத்தத்துல இருக்கு, எங்க போகும்?" என்று தெரு முழுக்கக் கேட்கிற மாதிரி கத்துவாள். அட பாவி மகளே, அது ஒன்றைத்தான் நீ சரியாகச் சொன்னாய்.

சும்மாவும் இருக்கவில்லை அவள். குடியை மறக்கடிக்கும் பொடி என்று யாரோ விற்றதை வாங்கி, அவருக்குத் தெரியாமல் ரசத்தில் கலந்து போட்டாள். அவர் வாந்தி எடுத்துத் துவண்டு கிடந்தபோது, மருந்து வேலை செய்கிறது என்று ஜோசஃபினிடம் சந்தோஷமாகச் சொன்னாள். ஜோசஃபின் அவளை விவேக் நகர் குழந்தை ஏசு கோயிலுக்குக் கூட்டிப்போய் மெழுகுவர்த்தி ஏற்ற வைத்தாள். அதுவும் பத்தாமல், ஓசூரைத் தாண்டி ஒரு முனீஸ்வரன் கோயிலுக்கு அவரை இழுத்துப் போனாள். குடிகாரர்களுக்குக் கயிறு கட்டுகிற கோயில் அது. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று சாமி முன்னால் சத்தியம் பண்ணிவிட்டு மணிக்கட்டில் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். கட்டின பிறகு குடித்தால் முனீஸ்வரன் சும்மா விடமாட்டார் என்று ஒரு பயம்.

வரிசையில் முனிரத்தினத்துக்கு முன்னாலும் பின்னாலும் நின்றவர்கள் எல்லாம் அசல் குடிகாரர்கள். அவர் முறை வந்தபோது பூசாரி, "இனிமே குடிக்க மாட்டேன்னு சொல்லு" என்றார்.

"குடிச்சாத்தானே சாமி நிறுத்தறதுக்கு" என்றார் முனிரத்தினம்.

வரிசையே சிரித்தது. சொர்ணம் தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். அவள் அழுவதைப் பார்த்ததும் அவர் கையை நீட்டிவிட்டார். "கட்டுங்க. அவளுக்கு நிம்மதின்னா கட்டுங்க." கை ஒரு இடத்தில் நிற்கவில்லை, பூசாரியின் ஆள் ஒருவன் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கயிறு நைந்து போகும்போதெல்லாம் சொர்ணம் திரும்பக் கூட்டிப்போய்ப் புதுசு கட்டி வந்தாள்.

அப்படியே வருஷங்கள் ஓடிவிட்டன. ரக்ஷிதா டிகிரி முடித்து, ஒரு கண் ஆஸ்பத்திரியில் பில் கவுண்டரில் உட்கார்ந்தாள். அந்த வருஷ மழைக்காலத்தில் முனிரத்தினத்துக்கு டெங்கு வந்து வேறொரு ஆஸ்பத்திரி வார்டில் போட்டார்கள். படுக்கையை விட்டு இறங்கவே விடவில்லை. ரக்ஷிதாவோ சொர்ணமோ கூடவே இருந்தார்கள். காய்ச்சல் விட்டு எழுப்பி உட்கார வைத்தபோது பழைய மாதிரியே கை துள்ளியது, தோள் குலுங்கியது. ரக்ஷிதா அம்மாவைப் பார்த்தாள்.

"அம்மா, இங்க யாரும்மா அப்பாவுக்கு ஊத்திக் கொடுத்தது?"

சொர்ணம் எழுந்து போய் வார்டு டாக்டரைக் கூட்டி வந்து, குலுங்குகிற அந்தத் தோளைக் காட்டினாள். 

அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். ஸ்கேன், ரத்தம், திரும்ப ரத்தம் என்று அலைந்த பிறகு டாக்டர் ஷோபா மூன்று பேரையும் உட்கார வைத்துப் பேசினார். கன்னடக்கார அம்மா; தமிழில் பேசினால் கொஞ்சம் கோணலாக இருக்கும், ஆனால் மெதுவாக, புரிகிற மாதிரி சொன்னார்.

"இது குடி அல்ல அம்மா. ஹன்டிங்டன்னு ஒரு வியாதி. மூளையில ஒரு பாகம் கொஞ்சம் கொஞ்சமா தேயுது. அதனால கை கால் தானா ஆடுது, கோபம் வருது, பேச்சு குழறுது. அப்பா இல்லன்னா அம்மா கிட்டேருந்து ரத்தத்துல வர்றது."

"மருந்து?" என்றாள் சொர்ணம்.

"ஆட்டத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணலாம். நிறுத்தற மருந்து இன்னும் வரல."

"ஊர்ல யாருக்கும் இல்லாதது எங்களுக்கு ஏம்மா வந்துச்சு? எத்தனை பேருக்குத்தான் வரும் இது?"

டாக்டர் சொன்னார். "வெளிநாட்டுல லட்சம் பேருக்கு ஏழெட்டு, பத்துன்னு எண்ணி வெச்சிருக்காங்க. நம்ம நாட்டுல அதைவிடக் கம்மின்னு சொல்றாங்க. நிஜமாவே கம்மியா, இல்ல யாரும் சரியா எண்ணலையான்னு எனக்கே தெரியல. உங்க வீட்டுக்காரர் குடும்பத்துல வேற யாருக்காவது இப்படி இருந்ததா?"

"யாருக்கும் இல்ல" என்றாள் சொர்ணம் பட்டென்று. "மாமனார் ஒருத்தர் இருந்தாரு. அவரு குடிகாரரு."

"எப்படி நடப்பார்?"

"இந்தச் சுவத்துக்கும் அந்தச் சுவத்துக்கும் இடிச்சுக்கிட்டு..." என்று கையை ஆட்டிக் காட்ட ஆரம்பித்தவள் பாதியில் நிறுத்திவிட்டாள். கை அந்தரத்தில் நின்றது. "அவரு தம்பி ஒருத்தர் இருந்தாரு. அவரையும் குடின்னுதான் சொன்னாங்க" என்றாள். 

முனிரத்தினம் குழறிக் குழறி ஒரு பேரைச் சொன்னார். "எல்லம்மா அத்தை."

"அது யாரு?"

"இவரோட அத்தை" என்றாள் சொர்ணம். "அவங்களுக்குக் குடி இல்ல, அவங்களுக்கு அம்மன் வரும். ஆடுவாங்க. ஜனங்க வந்து கால்ல மஞ்சத்தண்ணி ஊத்திக் குறி கேப்பாங்க."

"எப்பெல்லாம் வரும் அம்மன்?"

"எந்நேரமும் வரும். சோறு திங்கும்போது வரும், பாத்ரூம் போகும்போது வரும்." சொர்ணம் தன் வார்த்தையைத் தானே கேட்டுக்கொண்டிருந்தாள். "தூங்கும்போது மட்டும் வராது."

"இவருக்கும் தூக்கத்துல ஆட்டம் நிக்கும், இல்லையா?" என்றார் டாக்டர்.

பாருங்கள் அநியாயத்தை. ஒரே வியாதி. ஆம்பளைக்கு வந்தபோது குடி என்று காறித் துப்பினார்கள், பொம்பளைக்கு வந்தபோது சாமி என்று காலில் விழுந்தார்கள். ஆஸ்பத்திரிப் பக்கம் ஒருத்தரையும் கூட்டி வரவில்லை. ஒரு குடும்பத்தில் நாலு பேருக்கு வந்திருக்க, கணக்கில் ஏறியது முனிரத்தினம் ஒருத்தர்தான். இப்படி எத்தனை தெருவில் எத்தனை பேரோ? அதை வைத்துக்கொண்டு அபூர்வ வியாதியாம்!

ரக்ஷிதா நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "டாக்டர், எனக்கு?" என்றாள்.

"பாதிக்குப் பாதிம்மா. பூவா தலையா மாதிரி. டெஸ்ட் இருக்கு. ஆனா எடுக்கறதும் எடுக்காததும் உன் இஷ்டம். யாரும் உன்னைக் கட்டாயப்படுத்தக் கூடாது, நானும் கூட."

வெளியே பஸ் ஸ்டாப்பில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். பஸ் வந்தது, போனது, யாரும் ஏறவில்லை. இப்போதாவது இந்த மனுஷன், 'பாத்தியாடி, நான் சொன்னேனே' என்று ஒரு வார்த்தை திட்டிவிட மாட்டாரா என்று சொர்ணம் காத்திருந்தாள். திட்டினால் தாங்கிக்கொள்ளலாம். அவர் திட்டவில்லை. இன்னொரு பஸ் போன பிறகு, "அப்பாவும் குடிக்கல போல" என்றார். அப்பா சாக்கடையிலிருந்து எடுக்கப்பட்ட அன்று, நல்லவேளை தொலைந்தது சனியன் என்று சொன்னவர் அவர்.  ஆடுகிற கையால் முகத்தை மூடப் பார்த்தார், அதுவும் நிற்கவில்லை. சொர்ணம் அந்தக் கையைப் பிடித்து அவர் முகத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அரிவாள்மனையை எடுத்தாள், அந்தக் கயிற்றை அறுத்தெறிய. "இருக்கட்டும்" என்று கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "பழகிடுச்சு." அன்றோடு வாசலில் ஊதச் சொல்வதும் நின்றது. அவருடைய டீ கிளாஸை அவளே பிடித்துக் கொடுத்தாள். ஆனால் தெருவில் யாரிடமும் அவள் விஷயத்தைச் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த கேள்வி ரக்ஷிதாவைப் பற்றி வரும் என்று அவளுக்குத் தெரியும்.

அது வரத்தான் வந்தது, வேறு வழியாக. தூரத்துச் சொந்தத்தில் நரேஷ் என்று ஒரு பையன், பொம்மசந்திராவில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை. ஒரு கல்யாணத்தில் ரக்ஷிதாவைப் பார்த்திருக்கிறான், பிடித்துப் போயிருக்கிறது. ரக்ஷிதாவுக்கும் பிடித்திருந்தது, போனில் அவன் பேர் வந்தால் முகம் மாறுவதை சொர்ணம் பார்த்திருக்கிறாள். நரேஷின் அம்மா சரசு போன் பண்ணினாள். இன்னும் பூவே வைக்கவில்லை, அதற்குள் சம்பந்தி என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். நல்ல பொம்பளை. சுற்றி வளைக்காமல் கேட்டாள்.

"சம்பந்தி, தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரர் குடிப்பாருன்னு கேள்விப்பட்டோம். அதெல்லாம் எங்களுக்குப் பெரிசில்ல. எங்க அண்ணனே குடிச்சுக் குடிச்சு ஆடித்தான் போய்ச் சேர்ந்தாரு. எங்க வீட்டுல இல்லாததா? ஆனா கை கால் இழுக்கற வியாதின்னு ஒருத்தர் சொன்னாங்க. ரத்தத்துல வர்றதுன்னா நாளைக்குப் பேரன் பேத்திக்கு வருமே, அதான் கேட்டுடலாம்னு..."

சொர்ணம் கதவோரம் நின்றிருந்தாள். உள்ளே கட்டிலில் முனிரத்தினம் உட்கார்ந்திருந்தார். மகளுடைய முகம் கண் முன்னால் வந்தது. வாய் தானாகத் திறந்தது.

"வியாதியும் இல்ல ஒண்ணும் இல்ல சம்பந்தி. குடிதான்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். முனிரத்தினம் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டிருக்கிறார். தலையை ஆட்டினார். அது வியாதி ஆட்டுகிற ஆட்டமா, சரி என்கிற ஆட்டமா என்று அவளுக்குப் புரியவில்லை.

ரக்ஷிதா கேள்விப்பட்டதும் வீட்டை இரண்டாக்கினாள். "நரேஷை ஏமாத்திக் கல்யாணம் பண்ணச் சொல்றியா? நான் இன்னைக்கே சொல்லிடுவேன்."

"அவசரப்படாதடி. உனக்கு வராமலே போகலாம்ல? பாதிக்குப் பாதின்னுதானே சொன்னாங்க? வராத வியாதிக்கு வாழ்க்கையை ஏண்டி தொலைக்கற?" சொர்ணம் மகளின் கையைப் பிடித்துத் தன் உச்சந்தலையில் வைத்துக்கொண்டாள். "பூ வெச்சு முடியற வரைக்கும் வாயத் திறக்க மாட்டேன்னு என் தலைமேல சத்தியம் பண்ணு."

"நீ பண்றது பாவம்மா."

"பாவம் என்னோட போகட்டும். சத்தியம் பண்ணு."

ரக்ஷிதா அழுதுகொண்டே கையை அங்கேயே வைத்திருந்தாள். அதையே சத்தியமாக எடுத்துக்கொண்டாள் சொர்ணம்.

பூ வைக்க ஞாயிற்றுக்கிழமை காலையில் வருவதாகச் சொன்னார்கள். முனிரத்தினத்துக்கு ரக்ஷிதாவே ஷேவ் பண்ணி விட்டு, வெள்ளைச் சட்டை போட்டுவிட்டாள். சொர்ணம் இஞ்சி டீ போட்டு அவர் வாயில் வைத்துக் கொடுத்தாள். அவர்கள் வந்து போகிற வரைக்கும் அவரை ஜோசஃபின் வீட்டில் உட்கார வைப்பதாக ஏற்பாடு. கண்ணில் படாமல் இருந்தால் கேள்வியும் வராது என்று அவள் கணக்கு. கேசரி கிளறிவிட்டு அவரைக் கூட்டிப்போகத் திரும்பினால் கட்டிலில் ஆள் இல்லை. ஜோசஃபின் வீட்டிலும் இல்லை. தெருமுனை வரை ஓடிப் பார்ப்பதற்குள் ஆட்டோவில் சரசுவும் அவள் வீட்டுக்காரரும் நரேஷும், நரேஷின் சித்தப்பா ஒருத்தரும் வந்து இறங்கிவிட்டார்கள்.

காபி கொடுத்தாகிவிட்டது. கேசரி கொடுத்தாகிவிட்டது. "அண்ணனை எங்க காணோம்?" என்று சரசு முனிரத்தினத்தைப் பற்றிக் கேட்ட நேரம், வாசலில் நிழல் ஆடியது.

நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். வெள்ளைச் சட்டை மார்பெல்லாம் நனைந்திருந்தது. சாராய நெடி அறையை நிறைத்தது.  இத்தனை வருஷம் தேடித் தேடி மோந்தபோது வராத வாசனை இன்றைக்கா வரவேண்டும்!

"மன்னிச்சுக்குங்க" என்றார் முனிரத்தினம். ஒவ்வொரு வார்த்தையாகத் தள்ளித் தள்ளி வெளியே விட்டார். "நான் குடிகாரன். தினமும் குடிப்பேன். வியாதி இல்ல. என் பொண்ணு மேல ஒரு குறையும் இல்ல."

 சித்தப்பா தொடையைத் தட்டிச் சிரித்தார். "அட, அவ்வளவுதானே! வாங்க மச்சான், நம்ம கட்சிதான் நீங்க. காலையிலேயே ஏத்திக்கிட்டீங்க போல." சரசுவுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கிய மாதிரி முகம் தெளிந்தது. "குடிதான்னு வாய்விட்டுச் சொல்றாரே, மனசுல கள்ளமில்லாத மனுஷன்" என்று சொல்லிக்கொண்டே பையிலிருந்து வாழை இலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். மல்லிகை மணமும் சாராய நெடியும் கலந்து வந்தது. "வாம்மா ரக்ஷிதா, இப்படி வந்து உக்காரு."

ரக்ஷிதா நகரவில்லை. அவள் அம்மாவைப் பார்த்தாள். சத்தியம் அவள் வாயைக் கட்டியிருந்தது.

சொர்ணம் புருஷனைப் பார்த்தாள். கூட்டம் சிரிக்கச் சிரிக்க அவர் நின்ற நிலை அவளுக்குத் தெரிந்த நிலை. முனீஸ்வரன் கோயில் வரிசையில் இப்படித்தான் நின்றார். அவளுக்கு நிம்மதின்னா கட்டுங்க என்று கையை நீட்டினார். இப்போது மகளுக்காக, தன்னிடம் மிச்சமிருந்த ஒரே நல்ல பேரையும் நீட்டிக்கொண்டு நிற்கிறார். 

"பூவை வெக்காதீங்க சம்பந்தி" என்றாள்.

சரசுவின் கை அப்படியே நின்றது. சொர்ணம் மகளைப் பார்த்தாள். சொல்லும்மா என்று ரக்ஷிதா தலையசைத்தாள்.

"அவரு பொய் சொல்றாரு. அவருக்கு முன்னாடி நான் பொய் சொன்னேன். இந்த மனுஷன் தாலி கட்டின நாள்லருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. இது வியாதி. அவரு அப்பாகிட்டருந்து வந்த வியாதி. என் பொண்ணுக்கும் வரலாம், வராமலும் போகலாம். பாதிக்குப் பாதின்னு டாக்டரம்மா சொன்னாங்க. குடிகாரன் குடிகாரன்னு இவரை ஊர் பூரா கேவலப்படுத்தினவ நான்தான். இதுக்கு மேல என்னால முடியாது."

முனிரத்தினம் "வேணாம் சொர்ணம், வேணாம்" என்று கெஞ்சிக்கொண்டே அவள் பக்கம் நகரப் பார்த்து, ஸ்டூலில் இடித்துச் சரிந்தார். ரக்ஷிதாதான் ஓடிப்போய்ப் பிடித்தாள்.

சரசுவின் வீட்டுக்காரர் முதலில் எழுந்தார். யாரும் கத்தவில்லை, யாரும் குறை சொல்லவில்லை. அப்படிக் கத்தியிருந்தால்கூடத் தேவலை. நரேஷ் போகும்போது ரக்ஷிதா பக்கத்தில் வந்து, "நான் போன் பண்றேன்" என்றான். "அவசரமில்ல நரேஷ், நல்லா யோசிச்சுட்டுப் பண்ணுங்க" என்றாள் அவள். அந்தப் போன் இன்றுவரை வரவில்லை.

எல்லோரும் ஆட்டோவில் ஏறின பிறகும் சரசு மட்டும் வாசலில் ஒற்றைச் செருப்போடு நின்றாள். மல்லிகைப் பொட்டலம் கையிலேயே இருந்தது. உள்ளே முனிரத்தினத்தின் தோள் குலுங்குவதையே பார்த்தாள். 

"அண்ணி" என்றாள். சம்பந்தி போய் அண்ணி வந்துவிட்டது. "எங்க அண்ணனும் இப்படித்தான் தோளைக் குலுக்குவாரு. குடிக்கல, குடிக்கலன்னு சாகற வரைக்கும் சத்தியம் பண்ணாரு. நாங்க யாரும் நம்பல." கொஞ்சம் நிறுத்தி, ஆட்டோவில் உட்கார்ந்திருக்கும் மகனைத் திரும்பிப் பார்த்தாள். "அந்த ஆஸ்பத்திரி எங்க இருக்கு?"

சொர்ணம் சொன்னாள். டாக்டர் பேரையும் சொன்னாள். ஆட்டோ போய்விட்டது.

உள்ளே வந்தாள். முனிரத்தினம் கட்டிலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். காரியத்தைக் கெடுத்துவிட்டாயே என்று குழறினார். ரக்ஷிதா அவர் காலடியில் உட்கார்ந்து முழங்காலில் தலையைச் சாய்த்திருந்தாள். சொர்ணம் அவர் சட்டைப் பித்தானைக் கழற்றினாள். துணி பிழிகிற மாதிரி நனைந்திருந்தது. மார்பு, வயிறு, காலர் எல்லாம் சாராயம். அவளுக்கு ஏதோ ஒன்று பொறி தட்டியது. முகத்தை அவர் முகத்தருகே கொண்டுபோனாள். அந்த வார்த்தையைச் சொல்லி எத்தனை நாளாகிவிட்டது!

"யோவ்" என்றாள்.  "ஊதுய்யா."

முனிரத்தினம் பழைய பழக்கத்தில் வாயைத் திறந்து ஊதினார்.

இஞ்சி டீ. காலையில் அவள் போட்டுக் கொடுத்த இஞ்சி டீயின் வாசனை. வேறு ஒன்றும் இல்லை.

"அப்ப சட்டையில எப்படிய்யா..."

"நான்தான் ஊத்திக்கிட்டேன்."

"ஏன்யா, ஒரு வாய் குடிச்சிருந்தாத்தான் என்ன? இத்தனை வருஷம் இல்லாத பேரா வந்துடும்?"

அவர் ஆடுகிற கையைத் தூக்கி, மணிக்கட்டில் சாயம் போய் நைந்து கிடந்ததை அவளுக்குக் காட்டினார்.

"கயிறு கட்டியிருக்கியே சொர்ணம்" என்றார்.